பால் பெட்டிக்குள் இருந்த பதினொரு வருடங்கள்

இந்த வாரம் தொடங்குவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இதுவரை இந்தத் தொடரில் மீன் தொழிற்சாலையைப் பற்றியும், என் முதல் பனிக்காலத்தைப் பற்றியும், கார் ஓட்டப் பழகியதைப் பற்றியும் எழுதினேன். அவை என் சொந்தக் கதைகள். பிழையாக எழுதினாலும் நட்டம் எனக்குத்தான். இப்போது எழுதப்போவது ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் வாழ்ந்து செத்துப்போன ஒரு படிப்பாளியைப் பற்றி. துருக்கி மொழிக்கு அகராதி செய்த ஒரு நோர்வேக்காரர். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையோடு கொப்பியை மூடிவைத்தவன் நான். துருக்கி மொழியில் எனக்கு ஐந்து சொல் தெரியாது. அகராதி செய்தவரைப் பற்றி நான் எழுதுவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது.

ஆனாலும் அவரைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒரே ஒரு மனிதர் எனக்குச் சொன்னதை நான் எழுதாவிட்டால், இனி எழுதுவதற்கு ஆளில்லை. அப்படி ஆனதற்குக் காரணமும் நானேதான்.

என் வேலைச் சட்டப்படி நான் போகிற வீடுகளைப் பற்றி வெளியே கதைக்கக் கூடாது. அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எனக்கு இதைச் சொன்னவருடைய மகளிடமும் கேட்டேன். "எழுதுங்கோ. வேற என்ன மிஞ்சிக் கிடக்கு?" என்றாள்.

கைக்கு எட்டாத ஆழம்

அது ஒரு திங்கட்கிழமை காலை. பனி பெய்து, உருகி, மறுபடி உறைந்து, நடைபாதை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவே, கடதாசிக் குப்பை போடுகிற இடத்தில், வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டபடி நின்றேன்.

எங்கள் பக்கத்துத் தொட்டிகள் நிலத்துக்குக் கீழே புதைத்தவை. மேலே தெரிவது இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டியும் அதற்கு ஒரு வாயும்தான். போடுவது நேராகப் பாதாளத்துக்குப் போய்விடும். பிறகு லொறி வந்து முழுத் தொட்டியையும் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு போகும்.

கைபேசியின் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். ஆழத்தில் ஒரு கடை விளம்பரத் தாளும் பீட்சா வந்த மட்டையும் கிடந்தன. வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை லொறி வந்து போயிருந்தது. உள்ளேயிருந்து புளித்த பால் மணம் மட்டும் வந்தது.

நாயோடு வந்த ஒரு நோர்வேக் கிழவி நின்று பார்த்தாள். "வீட்டுத் திறப்புக் கோர்வை விழுந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"போன்?"

"இல்லை."

அவள் நாயைப் பார்த்தாள். நாய் என்னைப் பார்த்தது. "அப்படியென்றால் பெரிதாக ஒன்றுமில்லை" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

கையை வெளியே எடுத்தபோது விரல்கள் என்னுடையவை மாதிரி இல்லை.

சாலிஹ் அபி

நான் நகரசபையின் வீட்டு உதவியாளன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, கடைக்குப் போய், காலைச் சாப்பாடு எடுத்து வைக்கிற வேலை. வீட்டுக்கு அரை மணித்தியாலம். கைபேசியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

சாலிஹ் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி நாலாம் மாடியில் தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டிய துருக்கிக்காரர். இளவயதில் திராமன் நகருக்கு வந்து, அங்கே ஆற்றோரக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். பழைய கடதாசியை வெந்நீரில் கரைத்துக் கூழாக்குகிற பெரிய தொட்டியடியில் அவருக்கு வேலை. மனைவி இறந்த பிறகு ரொம்மனுக்கு வந்துவிட்டார். ஒரே மகள் நெர்மின் திராமனிலேயே குடும்பமாக இருக்கிறாள்.

நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான். அதில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஒரே 'நீ' தான். எனக்கு அந்த வயது மனிதரை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. ஒரு நாள் அவரே சொன்னார், "அபி எண்டு கூப்பிடு. எங்கட பாசையிலை அண்ணன்." அன்றிலிருந்து அபி. இரண்டு பேரும் உடைத்து உடைத்துக் கதைத்த அந்த நோர்வேஜிய மொழி இன்று எனக்கு எங்கள் பேச்சாகவே நினைவில் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் போனபோது குசினி மேசையில் ஒரு கத்தரிக்கோலும், கழுவி வெட்டி விரித்த பால் பெட்டிகளும் இருந்தன. அவற்றை உள்ளங்கை அளவு அட்டைகளாக வெட்டிக்கொண்டிருந்தார். நைந்துபோன பழைய அட்டைகளைப் பார்த்து, உட்பக்கத்து வெள்ளையில் பென்சிலால் எழுதினார். எழுதியவற்றைச் செருப்புப் பெட்டிகளில் நிறுத்தி அடுக்கினார். அறைச் சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள்.

"இதென்ன அபி?"

"ஒரு மனுசன்ரை சீவியம்" என்றார். "மொப்பைப் பிழி. தண்ணி சொட்டுது."

இரண்டு பக்கமும் விளங்காத அட்டை

சாலிஹ் திராமனுக்கு வந்த முதல் வருடம், ஆலையில் மேற்பார்வையாளர் கத்துவது விளங்காமல் ஒரு விரலைப் பாதி இழந்தார். கையில் கட்டோடு ஒஸ்லோவுக்கு ரயில் ஏறி, ஒரு நூலகத்துக்குப் போய், துருக்கி மொழிக்கும் நோர்வேஜிய மொழிக்கும் அகராதி கேட்டார். இல்லை என்றார்கள். அவர் போகாமல் நின்றார். பாதி விரலைக் காட்டிக்கொண்டு நின்றதாகச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் அங்கிருந்த ஒரு வயதான பெண்மணி, "ஒன்று இருக்கிறது. ஆனால் அது அச்சாகவே இல்லை" என்று நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மூன்று மரப்பெட்டிகள். உள்ளே ஆயிரக்கணக்கான சின்னக் கடதாசித் துண்டுகள். கப்பல் சரக்குச் சீட்டுகளின் ஓரங்களை வெட்டி எழுதியவை.

"ஒண்டைத் தூக்கிப் பாத்தன்" என்றார் அபி. "முன்பக்கம் துருக்கி. ஆனா பழைய எழுத்து. எங்கட தாத்தாமார் எழுதின அரபு எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. கீழையும் பின்பக்கமும் நோர்வேஜியம். அதுவும் தெரியாது. குணா, என்ரை பாசையை ஒரு நோர்வேக்காரன் எழுதி வச்சிருக்கிறான், அவன்ரை எழுத்தையும் எனக்கு வாசிக்கேலாது, என்ரை எழுத்தையும் எனக்கு வாசிக்கேலாது. இப்பிடி ஒரு மொக்குக் கழுதை உலகத்திலை இருக்குமோ?"

அந்தக் கோபத்திலேயே இரண்டையும் படித்தார். ஆலையில் முறை மாறும் நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படித்தார். பிறகு நாற்பது வருடம், விடுமுறை நாட்களில் எல்லாம் அந்த நிலவறைக்குப் போய் ஒவ்வொரு துண்டையும் பார்த்து அட்டைகளில் எழுதினார். ஒரு பனிக்காலத்தில் அங்கே குழாய் வெடித்து, மூன்று பெட்டியும் தண்ணீரில் ஊறி, பூஞ்சணம் பிடித்து, எறியப்பட்டுவிட்டன. அதற்குள் அவர் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார்.

"அவங்கள் கடிதம் போட்டாங்கள், மன்னிக்கோணும் எண்டு. நான் சொன்னன், பறவாயில்லை, என்னட்டை இருக்கு."

பின்பக்கங்கள்

அகராதிக்காரரின் பெயரைத் தோபியாஸ் என்று வைத்துக்கொள்வோம். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு மீனவருடைய மகன். பள்ளிக்கூடம் என்று பெரிதாக இல்லை. கப்பலேறி, இஸ்தான்புல் துறைமுகத்தில் பாய்மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மாலுமிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்ட முதல் சொல்லை ஒரு துண்டில் எழுதினார். 'சு'. தண்ணீர். அதன் பின்பக்கத்தில்: "சொன்னவர்: பக்கத்துக் கட்டில்காரர். காய்ச்சல். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்."

அதுதான் தோபியாஸின் முறை. புத்தகத்தில் பார்த்த சொல்லை எடுக்க மாட்டார். உயிரோடு இருக்கிற ஒருவர் வாயிலிருந்து தன் காதால் கேட்டால்தான் அது அவருடைய பெட்டிக்குள் போகும். முன்பக்கம் சொல்லும் பொருளும். பின்பக்கம் சொன்னவர் யார், எங்கே, எப்போது.

அபி எனக்குப் பின்பக்கங்களை மட்டும்தான் வாசித்துக் காட்டுவார். நான் தூசி தட்டிக்கொண்டே கேட்பேன்.

"சொன்னவர்: பாலத்தடியில் எள்ளு ரொட்டி விற்பவர். மழை. மிச்சக் காசு தரவில்லை."

"சொன்னவர்: பல்லுப் பிடுங்குபவர். என் பல்லைப் பிடுங்கும்போது."

"சொன்னவர்: வீட்டுக்காரி. இதைச் சொல்லிவிட்டு என் சப்பாத்தை ஜன்னலால் எறிந்தாள்." அது ஒரு கெட்ட வார்த்தை. முன்பக்கத்தை வாசிக்க மாட்டேன் என்று அபி சொல்லிவிட்டார்.

தோபியாஸ் தன்னைப் பற்றி ஒரு நாட்குறிப்போ ஒரு கடிதமோ எழுதி வைக்கவில்லை. அவருடைய சீவியம் முழுவதும் அந்தப் பின்பக்கங்களில்தான் இருந்தது. அகராதிக்காக எழுத்து வரிசையில் கிடந்தவற்றை, அபி தன் அட்டைகளில் வருட வரிசைக்கு மாற்றினார். அப்போது ஒரு மனிதர் எழும்பி நடக்கத் தொடங்கினார். துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தார். பசியோடு இருந்தார். பூனை வளர்த்தார்.

பிறகு ஒரு வருடத்திலிருந்து "சொன்னவர்: அவள்" என்று வரத் தொடங்கும். ரொட்டிக்காரருக்கும் பல்லுக்காரருக்கும்கூடப் பெயர் எழுதியவர், இவளுக்கு மட்டும் எழுதவில்லை. "அவள், மீன் கழுவும்போது." "அவள், கோபத்தில்." "அவள், நித்திரையில்." ஒன்பது வருடம் அப்படி. பிறகு ஒரு நாளோடு 'அவள்' இல்லை. ஒரு விளக்கமும் இல்லை. அடுத்த துண்டு ஒரு கரி விற்பவர் சொன்னது.

"ஏன் அபி பேர் எழுதேல்லை?"

"நீ உன்ரை மனுசியின்ரை பேரை வெளியிலை சொல்லுவியோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா சாகும்வரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. தபால்காரன் கேட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவா.

'அவள்' நின்ற பிறகு தோபியாஸ் பதினொரு வருடம் இருந்தார். பெட்டிகளோடு ஒஸ்லோவுக்கு வந்தார். அச்சிடச் சொல்லிக் கதவு கதவாக ஏறினார். துருக்கி மொழி நோர்வேயில் யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். "நூறு வருசம் பொறுத்திருந்தா நான் ஒண்டு வாங்கியிருப்பன்" என்பார் அபி. சொல் கேட்க ஒரு வாய்கூட இல்லாத ஊரில், துறைமுகத்துக்கு இறங்கி, துருக்கிக் கப்பல் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்பாராம். அந்த ஊரில் எழுதிய துண்டுகள் குறைவு. இந்தக் கதையை அபி ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார்; கடைசித் துண்டு எதுவென்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

"அதிலை அவளின்ரை பேர் இருக்கு. ஒரே ஒருக்கா எழுதியிருக்கிறான்."

"என்ன பேர்?"

"புத்தகத்திலை வாசி" என்றார். "இப்ப சொன்னா நீ காசு குடுத்து வாங்க மாட்டாய்."

மீன்பெட்டி மட்டை

இதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். நான் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் எங்களுக்கும் அகராதி இல்லை. மீன் அடைக்கிற மட்டைப் பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்து, கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பேன். கத்தி, ஐஸ், கெதியாக, நாளைக்கு வராதே. அந்த மட்டையில் மீன் செதிள் ஒட்டி மினுங்கும்.

ஒரு நாள் அறையைக் கூட்டிய நண்பன் அதைக் குப்பையென்று எறிந்துவிட்டான். நான் அவனோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. இதை அபியிடம் சொன்னபோது, "இரண்டு கிழமை காணாது" என்றார்.

ஏழுக்குள் ஆறு

நோர்வேயில் வெறுமையான பால் பெட்டியை அப்படியே எறிவதில்லை. கழுவி, காய வைத்து, தட்டையாக மடித்து, ஆறு பெட்டியை ஏழாவதுக்குள் செருக வேண்டும். அந்தக் கட்டின் மேல் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிக் கடதாசித் தொட்டியில் போட்டால், குலுக்கலில் பரிசு விழலாம். என் மனைவி வதனி இருபது வருடமாக எழுதிப் போடுகிறாள். ஒரு தேநீர்க் கோப்பைகூட விழவில்லை. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய தன் சிநேகிதிக்கு ஒரு முறை விழுந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாத விஷயம்.

அபி குளியலறையில் விழுந்ததில் இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போன பிறகு அவருடைய நினைவு கெதியாகக் கரையத் தொடங்கியது. பழையவை நின்றன. நேற்று நடந்தது நிற்கவில்லை.

வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெர்மின் என்னைக் கேட்டாள். அது என் வேலை நேரத்துக்குள் வராது. ஆனாலும் இல்லையென்று சொல்ல எனக்கு வராது. "அறையிலை இருக்கிற செருப்புப் பெட்டியளை நான் காரிலை கொண்டு போறன். நீங்கள் குசினியை மட்டும் வெறுமையாக்குங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்காமல் அலுமாரி திறந்ததில்லை. அன்றுதான் முதல் தடவையாக, கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தேன். பால் பெட்டிக் கட்டுகள். வடிவாக மடித்து, ஏழாவதுக்குள் செருகி, மேலே ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. பழைய துருக்கி எழுத்து. அவருடைய பெயராக்கும், குலுக்கலுக்குப் போட வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுசன் வதனியை விட மோசம் என்று எனக்குள் சிரித்தேன்.

பதினொரு கட்டு. எண்ணியது ஞாபகம் இருக்கிறது. இரண்டு பைகளில் போட்டேன். தூக்கும்போது கை கொஞ்சம் கீழே இழுத்தது. வெறும் பெட்டிகளுக்கு இந்தப் பாரம் வராதே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, போய்விட்டது. படிகளில் இறங்கி, இரும்பு வாயைத் திறந்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். பெரிய கட்டுகள் உள்ளே போக மறுத்தன. அமுக்கித் தள்ளினேன்.

பெயர் அல்ல அது என்று பிறகுதான் தெரிந்தது. வருடம். அறையில் இடம் போதாமல், கடைசிப் பதினொரு வருடங்களின் அட்டைகளையும் அவர் குசினியில் வைத்திருக்கிறார். பால் பெட்டிக்குள் ஈரம் போகாது என்று கடதாசி ஆலைக்காரருக்குத் தெரியும்.

"நாளைக்குக் கொண்டு வாறன்"

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நல்ல தெளிவோடு இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குணா, கடைசி அத்தியாயத்தை முடிக்கோணும். எனக்கு நாள் இல்லை. சிங்குக்குக் கீழை பால் பெட்டியளுக்குள்ளை அட்டையள் இருக்கு. பதினொரு கட்டு. மேலை வருசம் எழுதிக் கிடக்கும். கடைசி வருசத்தை முதல் கொண்டு வா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய், எப்போதும் போல, சுகமான சொல்லைத் தேடியது.

"ஓம் அபி. நாளைக்குக் கொண்டு வாறன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தட்டினார். பாதி விரல் என் மணிக்கட்டில் பட்டது.

வீட்டில் சொன்னேன். வதனி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். "உங்களுக்கு எப்பவும் உந்த ஓம் தான். இல்லை எண்ட சொல்லு உங்கட வாயிலை முளைக்கவே இல்லை."

மகள் ஆரணி இங்கே பிறந்தவள். எதற்கும் வழி இருக்கும் என்று நினைப்பவள். "அப்பா, காலமை ரெனொவசூன்காரருக்குப் போன் அடிச்சுக் கேளுங்கோ. குப்பை எடுக்கிற ஆக்களுக்குத் தெரியும் எங்கை கொட்டினது எண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இல்லாட்டி ஒண்டும் சொல்லாதேங்கோ. அவருக்கு தெமென்ஸ், மறதி வருத்தம் தானே. கேட்டதையே மறந்திடுவார்."

"மறக்காட்டி?" என்றாள் வதனி.



திங்கட்கிழமை காலை தொட்டியடியில் நின்றதை முதலே எழுதிவிட்டேன். அங்கிருந்தே அந்த ஆட்களுக்குப் போன் எடுத்தேன். ஒரு இளம் பெண் குரல். என்ன தொலைந்தது என்று கேட்டாள்.

"பால் பெட்டி" என்றேன்.

"வெறும் பால் பெட்டியா?"

"எழுதினது. உள்ளே எழுதினது இருக்கிறது."

சனிக்கிழமை எடுத்தது அன்றைக்கே அமுக்கிக் கட்டி ஆலைக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று தன்மையாகச் சொன்னாள். வேறு உதவி ஏதும் வேண்டுமா என்றும் கேட்டாள்.

நெர்மினுக்கும் எடுத்தேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. "அந்த அட்டையளுக்குப் பக்கத்திலைதான் என்ரை அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தனிய இருந்து சாப்பிட்டவ" என்றாள். "எனக்கு உந்தத் தோபியாஸைச் சின்னனிலை இருந்தே பிடிக்காது." அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. கடைசியில், "அப்பாவுக்கு நான் சொல்ல மாட்டன். என்னாலை ஏலாது" என்றாள்.

திங்கள் பின்னேரம்

இல்லத்தில் அன்றைக்கு வாஃபிள் சுட்டிருந்தார்கள். நடைகூடம் முழுக்க வெண்ணெய் மணம். அபி ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். தட்டில் பாதி வாஃபிளும் ஒரு சின்னப் பால் பெட்டியும். என்னைக் கண்டதும் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்.

நான் ஜக்கெற்றைக் கழற்றாமலே சொன்னேன்.

"அபி, நான் அதை எறிஞ்சு போட்டன்."

"எதை?"

"சிங்குக்குக் கீழை இருந்ததை. வெள்ளிக்கிழமை. வெறும் பெட்டி எண்டு நினைச்சுக் கடதாசித் தொட்டியிலை போட்டிட்டன்."

"எத்தினை?"

"பதினொண்டும்."

எண்ணிக்கை சரி என்பது போலத் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நடைபாதைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முழு நடைபாதைக்கும் போட்டு முடிக்கும்வரை அபி அதைப் பார்த்தார்.

"பால் பெட்டி கெதியிலை கரையாது" என்றார். ஆலைக் குரலில், ஒரு புதிய ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது போல. "உள்ளை பிளாஸ்ரிக் இருக்கு. வெந்நீரிலை போட்டுச் சுத்தவிட்டா முதல் மூலை விரியும். பிறகு மட்டை பஞ்சு மாதிரி வரும். பென்சில் எழுத்து தண்ணிக்கு அழியாது. ஆனா எழுதின இடமே இல்லாமப் போயிடும்." கையால் ஒரு சுழியைக் காட்டினார். "அரை மணித்தியாலம்."

"அபி, நீங்கள் என்னை ஏசுங்கோ."

"நான் உனக்குச் சொல்லேல்லைத்தானே, உள்ளை இருக்கு எண்டு."

எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டேன். காலையிலிருந்து மனதில் வைத்திருந்த ஒரே யோசனையைச் சொன்னேன். "அபி, இப்ப எழுதுவம். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன். எல்லாம் வேண்டாம். கடைசி அட்டை மட்டும். அவளின்ரை பேர்."

அவர் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம்.

கண்ணைத் திறந்தபோது அவருடைய முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு பயம் இருந்தது.

"ஞாபகமில்லை, குணா. ஞாபகம் இருக்குமெண்டா ஏன் எழுதி வச்சனான்?"

ஒரு பெண் ஒன்பது வருடம் ஒருவருக்குச் சொல் சொல்லிக் கொடுத்தாள். மீன் கழுவிக்கொண்டு சொன்னாள், கோபத்தில் சொன்னாள், நித்திரையில் சொன்னாள். அவளுடைய பெயரை அவர் ஒரே ஒரு இடத்தில் எழுதினார். அந்தத் துண்டு ஊறிப்போனது. அதன் பிரதி கூழாகப் போனது. அதை வாசித்திருந்த ஒரே மனிதர் என் முன்னால் இருந்து என்னைப் பார்க்கிறார். அவருக்குள்ளும் அது இல்லை. எனக்கு இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அபி தட்டிலிருந்த சின்னப் பால் பெட்டியை என்னிடம் நீட்டினார். "கழுவி வெட்டு."

கத்தரிக்கோல் தர மாட்டார்கள். கை கழுவும் இடத்தில் அலசி, மடிப்பில் கிழித்து, துடைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நீ எழுது. பின்பக்கம் முதல்."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த நோர்வேஜிய எழுத்துக் கூட்டலில். சொன்னவர்: குணா. வீட்டு உதவியாள். ரொம்மன். நடைபாதை உறைந்த நாள்.

"முன்பக்கம் என்ன எழுத, அபி?"

"விடு" என்றார். "அது உன்னட்டையும் இல்லை, என்னட்டையும் இல்லை."

அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் ஒரு தரம் அமுக்கினார். நான் எழும்பினேன். போய்வருகிறேன் என்றேன். வாஃபிளைச் சாப்பிடச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து மூன்றரை மணிக்குப் போனேன். சாலிஹ் அபி அதே கதிரையில் இருந்தார். குளிக்க வார்த்து, வேறு சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அந்தச் சட்டைப் பை வெறுமையாக இருந்தது. என் கைகளைப் பார்த்தார். "கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார்.